மணி ஒலிக்காத முற்பகல்

மணி அசைந்துகொண்டிருந்தது; ஓசை வரவில்லை.

ஜன்னல் கம்பியைப் பற்றியபடி இஸ்ரேல் மறுபடியும் பார்த்தார். புங்கமரத்தின் உச்சிக்கு மேலே, தேவாலயக் கூண்டுக்குள், இளமை முதல் தாம் கயிறு பிடித்து அடித்துவந்த அந்த வெண்கல மணி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.

செவியும் போயிற்று என்றே முதலில் எண்ணினார்.

நாசியும் நாவும் முன்பே போய்விட்டிருந்தன. மருமகள் சுஜிதா நேற்று அறை வாசலில் வைத்துப்போன மாம்பழத் துண்டுகள் வாயில் வெறும் ஈரமாகக் கரைந்தன. சித்தூர் முழுவதும் மாம்பழம் மணக்கும் மாதத்தில் அவருக்கு மட்டும் மணமில்லை. அவ்வளவு கொண்டுபோன நோய் செவியை விட்டுவைக்குமா?

நோய் பரவித் தேவாலயத்தைப் பூட்டிய நாள் முதல் ஆராதனைக்கு மணி இல்லை. சாவுக்கு மட்டுமே மணி. மணியில்லாமல் ஒருவரை மண்ணுக்குள் இறக்குவது அந்தச் சபையின் வழக்கமன்று. இஸ்ரேல் நோயில் விழுந்த பிறகு போதகரே கயிற்றைப் பிடித்தார்.

அது ஒலிக்கும்போதெல்லாம் இஸ்ரேல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி ஜெயசீலி இதே நோயோடு திருப்பதியில் ஆஸ்பத்திரிக்கு உள்ளே. மகன் அசரியா அதன் வாசலில். சற்று நேரத்தில் சுஜிதா கதவுக்கு வெளியே நின்று வேறு யாருடைய பெயரையாவது சொல்வாள். அந்தப் பெயருக்காக வருந்துமுன்பே அவர் மனம் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிடும். பிறகு, நன்றி சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கும்.

இன்று விடிந்தது முதல் மணியே இல்லை. கஞ்சி கொண்டுவந்த மருமகளிடம் கதவுக்கு உள்ளிருந்தே கேட்டார்.

"இன்னாம்மா, மணியே காணோம்? பாஸ்டருக்குக் கை நோவுதா, இல்ல ஊர்ல சாவு நின்னு பூட்டுச்சா?"

"நின்னு பூட்டுச்சினே வெச்சிக்கோங்க மாமா. கஞ்சி ஆறுது, துன்னுங்க."

இஸ்ரேல் சிரித்தார். மணியில்லாத அந்த முற்பகல் அவருக்குக் கிருபையாகவே தோன்றியது. ஜெயசீலி வீடு திரும்புவாள் என்று முதன்முறையாக நம்பினார். எழுந்து ஜன்னல்வரை நடந்து வந்ததும் அந்த நம்பிக்கை கொடுத்த தெம்பில்தான்.

வந்து நின்றவர் கண்ணெதிரே மணி ஆடியது.

தெருவில் நகராட்சி ஆட்டோ ஒன்று, "எவரூ பயட்டிக்கி ராகண்டி" என்று, யாரும் வெளியே வரவேண்டாமெனத் தெலுங்கில் மன்றாடிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

நம்ப மாட்டாமல், கஞ்சி குடித்த டம்ளரைக் கம்பியில் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

செவி போகவில்லை.

கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மணி வாய்திறந்து மேலெழும்போது அதன் நாக்கு தெரிந்தது. முறிந்த கைக்குக் கட்டுவதுபோல வெள்ளைத் துணியால் அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

மணி இருமுறை ஆடி நின்றது. மறுபடியும் இருமுறை ஆடி நின்றது.

ஆண் இறந்தால் ஒற்றை. பெண் இறந்தால் இரட்டை.

யாரோ ஒரு பெண்ணுக்கு மணி அடிக்கிறார்கள். யாருடைய காதிலோ அது விழக்கூடாது என்று அடிக்கிறார்கள். தேவாலயத்தை ஒட்டிய இந்த மிஷன் காம்பவுண்டில் இன்று நோயாளி இருக்கும் வீடு இது ஒன்றுதான்.

இஸ்ரேல் கம்பியை இரு கைகளாலும் பற்றினார்; டம்ளர் அதில் மோதியது. அழுகை வரவில்லை, அழுவதற்கு வேண்டிய மூச்சும் வரவில்லை.

"மாமா, இன்னா சத்தம்? எதுனா வேணுமா?" கதவுக்கு வெளியே சுஜிதாவின் குரல்.

"டம்ளர் பட்டுடுச்சும்மா." கூடவே கேட்டார்: "அத்தை எப்படிக் கீறாளாம்?"

கதவுக்கு அப்பால் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"நல்லா கீறாங்களாம் மாமா. இப்பத்தான் அவரு போன் பண்ணாரு."

கூண்டில் மணி இருமுறை ஆடி நின்றது.

தம் நுரையீரல் இன்னொரு அடியைத் தாங்காது என்று மருத்துவர் சொன்னதை அவரும் அறிவார். அதற்காகவே அந்தப் பெண் தன் அழுகையையெல்லாம் விழுங்கிக்கொண்டு கதவருகே நிற்கிறாள். அவள் பாடு வீணாகக்கூடாது.

"சரிம்மா, ஸ்தோத்திரம்" என்றார்.

சொல்லி முடித்த பிறகே, அந்தச் சொற்களைத் தாம் முன்பு எங்கே கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு மாசிலாமணி இதே நோயோடு தனியறையில் கிடந்தபோது, அவருடைய ஒரே மகன் இறந்துபோனான். தகப்பன் கேட்கக்கூடாதென்று மணியின் நாக்கில் முதன்முதலாகத் துணி சுற்றியவர் இஸ்ரேல்தான். அடித்து முடித்துக் கயிற்றைக் கட்டிவிட்டு, மாசிலாமணியின் ஜன்னலடியில் போய் நின்றுகொண்டு, "இன்னிக்கு நம்ம சபையில யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணே" என்று உரக்கச் சொன்னவரும் அவர்தான்.

"சரிப்பா, ஸ்தோத்திரம்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

தம் வேலை பலித்ததென்று அன்று நிம்மதியாக வீடு திரும்பினார். கயிறு இழுப்பவன் கீழே நிற்பவன். மணி ஆடுவதை அவன் பார்ப்பதே இல்லை.

மாசிலாமணியின் ஜன்னலும் கூண்டை நோக்கியே இருந்தது.