சத்தம் வராத தோட்டா

"சத்தம் வராத தோட்டா கிடைக்குமாண்ணே?"

கேட்டவர் ஆட்டுப் பண்ணைக்காரர். கடை வாசலிலேயே செருப்பைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு உள்ளே வந்தார். துப்பாக்கி உரிமத்தைக் கேட்பதற்கு முன்பே எடுத்து மேசைமேல் வைத்தார்.

கேட்காமலே காகிதத்தை நீட்டுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது துப்பாக்கிக் கடைக்காரரின் கட்சி.

"என்ன துப்பாக்கி?"

"டுவென்டி டூண்ணே. நரி விரட்ட வச்சிருக்கறது."

டுவென்டி டூ என்றால் பென்சிலைவிட ஒல்லியான தோட்டா. அதிலும் இரண்டு ரகம் உண்டு. வேகமாகப் போகிறது சாட்டையைச் சொடுக்கினாற்போல் ஊரைக் கூட்டும். மெதுவாகப் போகிறது கதவைச் சாத்தினாற்போல் அடங்கிவிடும். இரண்டும் ஒரே துப்பாக்கியில் போகும், பார்க்கவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

"சத்தம் எதுக்குக் குறையணும்?"

"ஆட்டுக்குண்ணே. ஒண்ணு விழறப்போ மத்தது மிரளக் கூடாது." சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. சாயங்காலமானால் காட்டோரப் புல்வெளிக்கு மான்கள் கூட்டமாக இறங்குகின்றன. ஒன்று விழுந்தும் மற்றவை மிரளாமல் நின்றால் யாருக்கு லாபம்? சத்தம் வராத தோட்டா கேட்டு யாராவது வந்தால் உஷாராக இருங்கள் என்று வனக்காவலர் சொல்லிவிட்டுப் போய் அதிக நாள் ஆகவில்லை. ஆட்டுக்குக் கத்தி போதும். ஆட்டுக்குத் தோட்டாவாம், யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான்?

"இருக்கே அத்தான், மேல் தட்டுல..." என்று கல்லாவிலிருந்து மச்சினன் ஆரம்பித்தான். அத்தான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். வேகமான ரகம்.

"பார்த்துக் கொடுங்கண்ணே. அதுல போட்டிருக்கற எழுத்து எனக்குப் படிக்க வராது."

"இதுதான். பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடக் கேக்காது."

"நீங்க நல்லா இருக்கணும்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார் பண்ணைக்காரர்.

அவர் தலை மறைந்ததும் கடைக்காரர் சிரித்தார். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். முதல் வெடியிலேயே மான் எல்லாம் காட்டுக்குள்ள பறந்துடும், பாரு."

வீட்டிலும் இதே பெருமைதான். தெரியாதவருக்கு இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதானே, பொய் எதற்கு என்று மனைவி கேட்டாள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவான், வாயில்லாத ஜீவன்களுக்கு நம்மால் ஆனது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

அந்த வாரமே பண்ணைக்காரர் திரும்பி வந்தார். முகத்தில் சவரம் இல்லை. செருப்பெல்லாம் சுண்ணாம்பு, அதைத் தட்டக்கூட இந்தமுறை தோன்றவில்லை போலிருக்கிறது. மீதித் தோட்டாக்களோடு பெட்டியை மேசைமேல் வைத்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான், வரட்டும் என்று கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெட்டி மாறிப்போச்சு போலண்ணே. குறை சொல்ல வரலை. இத்தனை பெட்டிக்கு நடுவுல யாருக்கும் கை தவறும். பக்கத்துப் பண்ணைக்காரர் நாளைக்கு வருவார், அவர் மந்தைக்கும் உத்தரவு வந்துருச்சு. அவருக்காவது சரியானதாப் பார்த்துக் கொடுங்க."

"என்ன உத்தரவு?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆடுகளுக்கு ஒரு நோய், மருந்து கிடையாது. ஒன்றுக்கு வந்தாலும் மந்தை முழுவதையும் கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட வேண்டும். கால்நடை ஆபீசே ஆள் அனுப்பும். தெரியாத முகத்தைப் பார்த்தால் மிரளும், நானே செய்கிறேன் என்று இவர் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறார். பட்டியில் தீனியைப் போட்டு, தின்கிறபோதே ஒவ்வொன்றாக, எதற்கும் எதுவும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாராம். எல்லாமே அவர் கையில் பிறந்து வளர்ந்தவை.

மச்சினன் மேல் தட்டைப் பார்த்தான். பிறகு அத்தானைப் பார்த்தான்.

பெட்டி மாறவில்லை என்று சொல்லக் கடைக்காரருக்கு நாக்கு எழவில்லை. கொஞ்சமாவது தப்பித்திருக்காதா என்ற ஆசையில் கேட்டார்.

"சத்தத்துல மிரண்டு ஓடிடுச்சா?"

"ஓடுச்சுண்ணே" என்றார் பண்ணைக்காரர். "ஆபீசர் பக்கத்துலயே நின்னார், நிறுத்தவும் முடியலை. முதல் வெடி கேட்டதும் தீனியை விட்டுட்டு அத்தனையும் ஓடி வந்து, என் காலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிச்சுண்ணே."