நாக்கு நின்ற இடம்

“இன்னொரு தடவ பிரிச்சிப் பிரிச்சிச் சொல்லுங்க டீச்சர்” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ஷாசியா.

“டி... ஆக்... சி... ரை... போ... நியூ... க்ளி... யிக்.”

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிற வினோதினிக்கு, டி.என்.ஏ.வின் முழுப்பெயரான இது தினமும் சொல்லும் வார்த்தைதான். ஆனால் இதற்காகவே சிதம்பரம் வந்திருக்கிறாள். இன்று தடுமாறினால் டீச்சர் வேலையே போய்விடும்.

“இப்ப சேத்துச் சொல்லுங்க.”

“டிஆக்சி ரை... ரை...”

அடுத்தது வரவில்லை. தெரிந்த வார்த்தைதான், நாக்குதான் புரளவில்லை. அவள் கண்கள் மிரண்டன.

“சார், நிறுத்துங்க!” ஷாசியா பதறிக் கையைத் தூக்கினாள்.

“கைய எடுத்துட்டேன்” என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். “அந்த எடத்த இனிமே தொடல. மறுபடி கேளுங்க.”

“சொல்லுங்க டீச்சர். ரை...”

வினோதினி எச்சிலைக் கூட்டி விழுங்கினாள்.

“ரை... போ... டிஆக்சிரைபோநியூக்ளியிக் ஆசிட்!”

“பேச்சு வந்துடுச்சி சார்!”

“கட்டியும் வந்துடுச்சி” என்றார் டாக்டர் பாலகுமார். “மூளைக்கு ஒண்ணும் ஆவல. டீச்சர், முழிச்சிருந்து பேசனது போதும், இனிமே நீங்க நிம்மதியா தூங்குங்க. மண்டையோட்ட மூடிடறேன்.”