இன்னும் கொஞ்சம் சத்தமா

“கேக்கலை. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”

மீரிம் தலையைக் குனிந்துகொண்டாள். இது மூன்றாவது தடவை.

ஊர்ப் பெரியவர்கள் மன்றத்தின் தலைவி அனாரா, காதருகே கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தாள். கம்பளி ஆலையில் முப்பது வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றவள். அந்த இரைச்சலில் காது போய்விட்டது என்று ஊருக்கே தெரியும். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், மலைக்கு அந்தப் பக்கம் மேயும் ஆட்டுக்கும் கேட்கும்படிதான் சொல்ல வேண்டும்.

மீரிம் சொல்ல வந்ததோ, காதோடு காதாகக்கூடச் சொல்லக் கூசுகிற விஷயம்.

எதிரே அவள் கணவன் சமத். பக்கத்தில் மாமியார். மாமியாரின் மடியில் மடித்த வெள்ளைத் தலைத்துணி. மன்றம் ‘சமாதானம்’ என்று எழுதிய மறுநிமிஷம் அதை மருமகள் தலையில் கட்டிவிடுவாள். கட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்தன்று கட்டிய அதே துணி. சாயங்காலம் அதே வீடு, அதே அறை.

போன வாரம் மீரிம் போலீஸிடமும் போய்ப் பார்த்தாள். “அப்படி எதுவுமே நடக்கலை. கோபத்துல உளர்றா” என்று சமத் சத்தியம் செய்தான். “குடும்பச் சண்டையா? முதல்ல பெரியவங்ககிட்டப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

மன்றத்தின் எழுத்து வேலை இமன்குல் பெரியவருக்கு. வெள்ளைக் கம்பளித் தொப்பியைச் சற்று மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“அடிச்சானாம்மா?”

“இல்லை.”

“குடிக்கிறானா?”

“இல்லை.”

“சம்பளத்தை வீட்டுல குடுக்குறானா?”

“குடுக்குறார்.”

“அப்புறம் என்ன? நாப்பது வருஷமா என் வீட்டுக்காரிகிட்டத் திட்டு வாங்குறேன். நான் மன்றத்துக்கா வந்தேன்?”

மாமியார் சிரித்தாள். “நல்லாக் கேளுங்க, பெரியவரே!”

அனாரா சிரிக்கவில்லை. கையைக் காதிலிருந்து எடுக்கவுமில்லை. “நீ சொல்லு, பொண்ணு.”

மீரிம் குரலைத் தாழ்த்தினாள். “நான் வேண்டாம்னு சொன்னா... அவர் நிறுத்துறதில்லை.”

“ஒண்ணும் விழலை. எழுந்து நின்னு சொல்லு.”

மீரிம் எழுந்து நின்றாள். இதற்கு அந்த அறையே தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

சமத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மதியத்துக்குள் குதிரைச் சந்தைக்குப் போயாக வேண்டும் அவனுக்கு.

“அடச்சே! இவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள பனியே விழுந்துடும். நான் சொல்றேன்!” எழுந்து மேஜைமேல் குனிந்து, அனாராவின் காதருகே கத்தினான். “வேண்டாம்னு சொல்றாளாம்! நான் விடமாட்டேங்குறேனாம்!”

“விட்டியா?”

“எதுக்கு விடணும்? என் பொண்டாட்டி! பக்கத்து வீட்டுக்காரியையா தொட்டேன்?”

“அழுவாளா?”

“அழுவா! அதுக்கு நான் என்ன பண்றது?”

“போன வாரமும் இப்படித்தானா?”

“போன வாரமும்தான்! கையை அமுக்கிப் பிடிச்சேன், அவ்வளவுதான். அதுக்குப் பேரு அடியா? எழுதுங்க, பெரியவரே! அடிக்கலைன்னு கொட்டை எழுத்துல எழுதுங்க!”

ஜன்னலுக்கு வெளியே வண்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீரிம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

இமன்குல் எழுதினார். பாதியில் பேனா நின்றது. மீரிமை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக மிச்சத்தையும் எழுதினார். வேறு வேடிக்கை எதுவும் பேசவில்லை.

“உரக்கப் படிங்க” என்றாள் அனாரா.

அவர் படித்தார். அவன் சொன்னது சொன்னபடியே இருந்தது.

“சரியா இருக்கா, தம்பி?”

“ரொம்பச் சரி” என்று சொல்லி, சமத் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டான்.

மாமியார் தலைத்துணியை உதறிக்கொண்டு எழுந்தாள். அனாரா அதை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“பெட்டியிலே வச்சுக்கோங்க. இந்தத் தாள் போலீஸுக்குப் போகுது. மீரிம் அவ அக்கா வீட்டுக்குப் போறா.”

சமத்தின் முகம் வெளுத்தது. “போலீஸா? கட்டின புருஷன் மேலயா?”

“சட்டத்துல அந்தப் பிரிவைப் படிச்சுப் பாரு. ‘புருஷனைத் தவிர’ன்னு அதுல எங்கேயும் எழுதலை. எதுவுமே நடக்கலைன்னு அன்னிக்குச் சொன்னே. நடந்ததுன்னு இன்னிக்கு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே.”

அவன் இமன்குலைப் பார்த்தான். அவர் மையை ஒற்றிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். மீரிம் கோட்டு மாட்டப் போனாள். பொத்தான் துளைக்குள் நுழையமாட்டேன் என்றது. தப்பித்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனாலும் உடம்பெல்லாம் கூசியது. நாலு பேர் நடுவில் அத்தனை பேச்சையும் அனாரா கேட்க வைத்துவிட்டாளே!

“முதல் தடவையே காதுல விழுந்திருக்கக் கூடாதா...” சுவரைப் பார்த்து, உதடு அசையாமல், தனக்குள்தான் முனகிக்கொண்டாள்.

அறையின் அடுத்த கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, அனாரா தேநீர்க் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“முதல் தடவையே விழுந்துச்சு, மகளே” என்றாள், திரும்பாமலே. “அவன் வாயாலேயே வரட்டும்னு காத்திருந்தேன். அந்தக் காலத்துல நான் இதையே சொன்னப்ப, காது நல்லா இருந்தவங்க அத்தனை பேரும் கேக்கலைன்னுட்டாங்க.”