கதை கேட்ட வாத்துக்குஞ்சுகள்

“நெய்ந்தூ, குஞ்சு பொரிச்சு மூணு நாள்தான் ஆச்சு. சோளக்காட்டுல கரையான் பிடிக்கக் கவுத்து வச்ச பானையிலேர்ந்து தினம் தட்டிட்டு வந்து குஞ்சுங்களுக்குப் போடணும். ஒண்ணு இளைச்சாலும் உன் புத்தகமெல்லாம் அடுப்புக்குத்தான்” என்று சொல்லிவிட்டு அம்மா டமாலே நகருக்கு பஸ் ஏறினாள்.

என் ரஷ்ய நாவலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் யார் காட்டுக்குப் போவது?

ஆச்சரியம், எட்டுக் குஞ்சுகளும் பசியில் கத்தவே இல்லை. புத்தகப் பெட்டிமேல் உட்கார்ந்து நான் உரக்கப் படிக்க, என் காலடியிலேயே கூடித் தலையாட்டின.

“கதை கேக்குதுங்க, பாரேன்” என்றேன் தங்கை வும்பினியிடம்.

“உன் கதையக் கேக்க இந்த வீட்ல அதுங்களாவது இருக்கே!”

பத்து நாள் கழித்து வந்த அம்மா, குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கொழுகொழுவென்றிருந்தன.

“தினம் கரையான் போட்டியாடா?”

“போட்டேம்மா” என்றேன், கூசாமல்.

“அப்ப உன் புத்தகம் பொழைச்சுது, போ.”

மிதப்போடு அடுத்த நாவலை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அட்டைகளும் கரையான் மண்ணும்தான் மிச்சம். கீழே, பெட்டியின் பக்கப் பலகையில் கரையான் உதிர்ந்துகொண்டிருந்த ஓட்டையைச் சுற்றி எட்டு அலகுகள் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருந்தன.

அம்மாவிடம் நான் சொன்னது பொய்யே இல்லை.