மூடாத மைக்

"வேணும்னேதான் பண்ணியிருக்காங்க. அந்தக் கண்டக்டர் அக்கா என்னைப் பழி வாங்கிட்டாங்க" என்று பல்லைக் கடித்தாள் கேப்டன்.

"மெதுவாப் பேசு. ஏற்கெனவே பேசினதே போதும்" என்றான் தூங்குமூஞ்சி.

தொடர்பியல் பட்டப்படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு அது. கல்லூரி வானொலியில் கால் மணி நேர நேரடி ஒலிபரப்பு. சொதப்பினால் மூன்று பேர் கொண்ட அணிக்கே பூஜ்யம். அடுத்த வருஷமும் இதே வாசலில் வந்து நிற்க வேண்டியதுதான்.

அணித் தலைவி என்பதால் அவள் கேப்டன். அவளோடு மைக்கில் பேசியவன், எந்த வகுப்பிலும் கண் சொக்கி உட்கார்ந்திருப்பதால் தூங்குமூஞ்சி. மூன்றாவது ஆள், நாற்பத்திரண்டு வயதில் படிக்க வந்த பஸ் கண்டக்டர். விடிகாலை ஷிப்டை முடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவருவார்.

"உங்க குரல் ரேடியோவுக்கு ஆகாதுக்கா. படிக்கட்டுல நிக்காதீங்கன்னு கத்தற மாதிரியே இருக்கு" என்று முதல் நாளே சொல்லி, அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்துவிட்டாள் கேப்டன். அக்கா "சரிம்மா" என்றதோடு சரி.

நிகழ்ச்சி, பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் பற்றியது. பத்தாவது நிமிடத்தில், அந்தப் பொருள்களைப் பாதுகாக்கும் குமாஸ்தாவின் பேட்டி ஓட வேண்டும். முன்பே பதிவு செய்து வைத்தது. "இனி அந்தப் பேட்டி" என்று அறிவித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள் கேப்டன். கழற்றும்போதே தன் மைக்கையும் அணைக்க வேண்டும். மறந்துவிட்டாள்.

காதில் ஹெட்போன் இல்லாததால், பேட்டி ஓடாமல் சிக்கிக்கொண்டதும் அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பாடா. அங்க பாரு, அக்கா முழிக்கிற முழியை. விசில் ஊதி வண்டிய நிறுத்தறவங்களுக்கு எதுக்குடா டிகிரி? இவங்களைக் கட்டி இழுக்கணும்னு என் தலையெழுத்து. தேர்வாளர்னு ஒரு அம்மா வந்திருக்கே, அதுவும் சரியான சிடுமூஞ்சி."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தூங்குமூஞ்சியின் கண்கள் முழுசாகத் திறந்தன. அவன் விரல் மைக்கைக் காட்டியது. அதன் கழுத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கேப்டன் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா இவளையே பார்த்தபடி படபடவென்று என்னவோ பேசிக்கொண்டிருந்தார். திட்டுகிறார், வேறென்ன. பேட்டி ஓடி முடிந்ததும் எப்படியோ ஒட்டுப்போட்டு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வராந்தாவுக்கு வந்ததிலிருந்து இந்தப் புலம்பல்.

"நம்ம பேச்சு வெளிய போற லைன் அவங்க கையிலதானே இருக்கு? ஒரு விரலால இழுத்து மூடியிருக்கலாம். ஊரே கேக்கட்டும்னு விட்டுட்டு வேடிக்கை பாத்திருக்காங்க."

"மைக்கை மூடாதது நீதானே?"

"நீ எந்தக் கட்சி?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா கட்டுப்பாட்டு அறைக் குறிப்பேட்டைத் தேர்வாளரின் மேஜையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார்.

முந்திக்கொண்டால்தான் பிழைக்கலாம் என்று தோன்றியது கேப்டனுக்கு. "மேடம், நடந்ததுக்கு நான் பொறுப்பில்லை. கட்டுப்பாட்டு அறைல இருந்தவங்கதான்…"

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். அந்தக் குரல் யாரோடது?"

"எந்தக் குரல் மேடம்?"

"பேட்டி வராம நின்னதும் ஒருத்தங்க பேசினாங்களே. 'பேட்டி வர்ற பஸ் கொஞ்சம் லேட்டு. அதுவரைக்கும் என் பஸ்ல ஏறிக்குங்க'ன்னு. பல்செட்டை விட்டுட்டுப் போனவர், மறுநாள் வாயைக் கையால பொத்திக்கிட்டே வந்து கேட்ட கதையைச் சொன்னாங்க. நான் சிரிச்ச சிரிப்புல டீயை மேல கொட்டிக்கிட்டேன்."

வருகைப் பதிவுக்குக் கை தூக்குவதுபோல் லேசாகத் தூக்கினார் அக்கா. "நான்தாங்க."

சிடுமூஞ்சி எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருபது வருஷமா ரேடியோல இருக்கேன். இப்படி ஒரு சிக்கல் வந்தா எல்லாரும் பாட்டைப் போட்டு ஒளிஞ்சுக்குவாங்க. பேட்டி கிளம்பற வரைக்கும் நீங்க ஒரு நிமிஷம் ஒத்தையா நின்னு நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்திட்டீங்க. இந்தக் குரலை எதுக்கு இத்தனை நாள் உள்ள பூட்டி வெச்சிருந்தீங்க? நூத்துக்கு நூறு. மூணு பேருக்கும்."

தூங்குமூஞ்சி துள்ளிய துள்ளலில் நாற்காலி சாய்ந்தது.

"அப்ப நான் பாஸுங்களா? நெஜமாவே பாஸுங்களா?" என்று ரெண்டு தடவை கேட்டார் அக்கா. "பதினெட்டு வருஷமா டிக்கெட் கிழிச்ச கைங்க இது" என்று சிரித்தார். கண்ணும் நிறைந்துவிட்டது. வாசலில் மொத்த வகுப்பும் கூடி நின்று கை தட்டியது.

கேப்டனும் தட்டினாள். தட்டத் தட்ட உடம்பு கூசியது. கண்ணாடிக்குப் பின்னால் அசைந்த உதடுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது இப்போது புரிந்தது. இவள் பேச்சு வெளியே போகாமல் லைனை மூடியதும் அந்தக் கைதான்.

"கேப்டன், இதுல ஒரு கையெழுத்து. நடுவுல லைனை மூடினா காரணம் எழுதணும், அணித் தலைவர் அதைப் பாத்து ஒப்புக்கணும்" என்று குறிப்பேட்டை நகர்த்தினார் தேர்வாளர். "ஆமா, இருமல் இப்பப் பரவாயில்லையா?"

"இருமலா?"

குனிந்து பார்த்தாள். அக்காவின் குண்டு குண்டான எழுத்து: 'ஸ்டுடியோ லைன் மூடப்பட்டது. காரணம், கேப்டனுக்குத் திடீர் இருமல்.'

"சட்டுனு போடும்மா, எனக்குச் சாயங்கால ஷிப்டும் இருக்கு" என்றார் அக்கா, எங்கோ பார்த்துக்கொண்டு.

கேப்டன் பேனாவை வாங்கினாள். 'இருமல்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'வாய்க்கொழுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.