தார்ப்பாய்க் கூடாரம்

"இன்னிக்கு ஒரு சொட்டு உன் வாயில பட்டுச்சின்னா, புள்ளைங்கள இட்டுக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். அப்புறம் என் மூஞ்சில நீ முழிக்கவே கூடாது, சொல்லிட்டேன்!"

சொல்லிவிட்டுத் தார்ப்பாயின் முனையை மரத்தில் இறுக்கிக் கட்டினாள் செவ்வந்தி. அவள் புருஷன் இருசப்பன் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துக்கொண்டிருந்தான். குடியை விட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. கல்யாணம் ஆனதிலிருந்து இத்தனை நாள் அவன் தெளிவாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"அதான் ஆத்தா மேல சத்தியம் பண்ணியிருக்கேன் இல்ல? இன்னும் இன்னா?"

"உன் சத்தியத்தக் கொண்டு போய் ஒடப்புல போடு. எத்தினி சத்தியம் பாத்துட்டேன்!"

கல்வராயன் மலைக்கு டூர் போகலாம் என்றது இருசப்பன்தான். வடக்கனந்தலில் அவன் மூட்டை தூக்குகிற அரிசி ஆலை முதலாளியின் பிள்ளைகள் காரில் மலைக்குப் போய், டென்ட் போட்டுத் தங்கிவிட்டு வந்திருந்தார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்த ஆறு வயசு செல்லி, நாமும் போகணும் என்று அழுத அழுகை கொஞ்சமில்லை. ஆலையில் ஒரு கிழிந்த லாரித் தார்ப்பாயை இரவல் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மலையேறி, அங்கிருந்து இந்த ஓடை வரைக்கும் நடந்தே வந்தார்கள். நாலு வயசு சின்னதுரை வழி முழுக்க அப்பன் தோளில்தான்.

"டூராம் டூரு! ஊர்ல கெடைக்காத மாதிரி, சாராயம் காச்சற எடத்துக்கே தேடிக்கினு வந்திருக்கோம்" என்று முணுமுணுத்தாள் செவ்வந்தி.

"ஓடி ஒளிஞ்சிக்கினா குடி வுட்டுடுமா செவ்வந்தி? இங்க தாண்டிட்டேன்னா, அப்புறம் எங்கியும் தாண்டிடுவேன்."

செவ்வந்தி தார்ப்பாயின் அடுத்த முனையை இழுத்துக் கட்டினாள். நம்பலாமா என்று ஒரு மனசு கேட்டது. நம்பித்தானே நாசமாய்ப் போனாய் என்றது இன்னொரு மனசு.

"அப்பா, இது நம்ம டென்ட்டா?" என்றாள் செல்லி.

"நம்முளுதுதான். டென்ட்டு இன்னா டென்ட்டு, அரமன!"

செல்லி கைதட்டிக் குதித்தாள். செவ்வந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

"சுள்ளி கம்மியா இருக்கு. நான் போய்ப் பொறுக்கிக்கினு வரேன். புள்ளைங்கள..." என்று இழுத்தாள். இதுவரை ஒரு நாளும் பிள்ளைகளை அவனை நம்பி விட்டதில்லை.

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

போனாள். காட்டுக்குள் சுள்ளி பொறுக்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஊருக்குப் போனதும் அவனுக்கு ஒரு நல்ல சட்டை எடுக்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது முதலில் வாடைதான் வந்தது. சாராய வாடை.

ஓடைக்கரையில் இருசப்பன் குப்புறக் கிடந்தான். கால் தண்ணீரில், தலை மண்ணில். சட்டையெல்லாம் சாராயம். வாயோரம் நுரை. பக்கத்தில் ஒரு லாரி ட்யூப், வாய் அவிழ்ந்து காலியாகக் கிடந்தது. சாராயத்தை அடைத்து ஓடைத் தண்ணீருக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த ட்யூப். கொஞ்சம் தள்ளி, சின்னதுரை சொட்டச் சொட்ட நனைந்து வெடவெடவென்று நடுங்கினான். செல்லி தேம்பிக்கொண்டிருந்தாள்.

சுள்ளிக்கட்டு கீழே விழுந்தது.

"அடப்பாவி! சுள்ளி பொறுக்கிக்கினு வர்றதுக்குள்ளயா? பச்சப் புள்ளைங்கள தண்ணி ஓரமா வுட்டுட்டு குடிச்சியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?"

இருசப்பன் தலையைக் கொஞ்சம் தூக்கினான். "செ... செவ்..." என்று நாக்குக் குழறியது.

"வாய மூடு!"

இதே மாதிரி எத்தனை சாக்கடையிலிருந்து அவனைத் தூக்கி வந்திருக்கிறாள்! இனி முடியாது. அவளுக்கு அழுகை பொங்கியது.

"கெட. இங்கியே கெட. நாய் நரி இழுத்துக்கினு போவட்டும்."

சின்னதுரையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். செல்லியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்பா..."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. "அந்தாளு பேச்ச எடுத்தே, பல்லப் பேத்துடுவேன்!"

செல்லி அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

மூச்சு வாங்க நடந்து ரோட்டுக்கு வந்ததும் பஸ் வந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்க இறங்க, செவ்வந்தி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். ஒரு வாரம் நம்பினாளே, அந்த நம்பிக்கையை நினைக்கத்தான் அவளுக்கு அவமானமாக இருந்தது. இந்த ஜென்மத்தில் இனி விடிவு இல்லை.

மலை முழுக்க இறங்கிய பிறகுதான் சின்னதுரையின் ஈரச் சட்டையைக் கழற்றினாள். முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே செல்லியைப் பார்த்தாள்.

"ஏண்டி, இவன் எப்பிடி இவ்ளோ நனைஞ்சான்? நீயாவது பாத்துக்கக் கூடாதா?"

செல்லி கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"அடிக்காதம்மா. தம்பி அந்த ட்யூப் மேல ஏறி ஆழத்துல போய் வுழுந்துட்டான். அப்பாவுக்கு நீச்சலே தெரியாதில்ல, அப்பவும் குதிச்சி, அவன மேல தள்ளிட்டு, ட்யூபப் புடிச்சிக்கினு கரைக்கு வந்தாரு. அது கட்டு அவுந்து சாராயமெல்லாம் அவரு மேல கொட்டிக்கிச்சி. வாய் வாயா தண்ணி கக்கினாரும்மா, எழுந்திருக்கவே முடியல... 'ஓடிப்போய் அம்மாவக் கூட்டியா'ன்னாரு."