மூன்று முறை நகர்ந்த கேட்

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுக்காரப் பெரியவர், அவர் மனைவி, சுற்றுச்சுவர் கட்ட வந்த கான்ட்ராக்டர், மேஸ்திரி.

கான்ட்ராக்டர் நீட்டிய ஒப்பந்தத்தைப் பெரியவர் தொடவில்லை.

"எங்க குடும்பத்துல வாய்ச்சொல்தான் பத்திரம். இதுவரைக்கும் எவனும் எழுதிக் கேட்டதில்ல."

"உங்க குடும்பத்தை எனக்கு நல்லாத் தெரியும் சார். கையெழுத்து இல்லாம ஒரு செங்கல்லும் இறங்காது," என்றார் கான்ட்ராக்டர்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஏழாவது ஷரத்தில் முகம் சிவந்தது: வேலை தொடங்கியபின் உரிமையாளர் மனம் மாறினால், இடித்துக் கட்டும் செலவு அவரையே சேரும்.

"நான் சொன்ன சொல் மாறுறவனா?"

"போன தடவை கேட்டை மூணு தரம் இடம் மாத்தினீங்களே," என்றார் மனைவி.

"அது கேட் விஷயம். சொல் விஷயம் இல்ல!"

மேஸ்திரி சிரிப்பை இருமலாக்கினார்.

"பிடிக்கலேன்னா வேற ஆளைப் பாருங்க சார்," என்றார் கான்ட்ராக்டர்.

"வேற ஆள் வந்து கட்டினா என் மானம் என்னாகும்?"

முதுகை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார் பெரியவர். கான்ட்ராக்டர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்ததும், மனைவி சொன்னார்:

"காரியம் முடிஞ்சுதுல்ல? இனிமே அப்பான்னே கூப்பிடுடி."

பெற்ற மகளையே நம்பாமல் பெரியவர் எழுதி வாங்கிக்கொண்டார் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். எழுதி வாங்கியவள் மகள்.